மூன்று டேங்கர் நல்ல தண்ணீர்

மிஷன் காலனி,
சித்தூர்,
ஆகஸ்ட் 3, 2025.

கர்த்தருக்குள் பிரியமான என் மருமகள் கேசியாவுக்கு, சபைக் கமிட்டிச் செயலாளரும் உன் ஒரே தாய்மாமனுமாகிய தனராஜ் எழுதிக்கொள்வது. ஹைதராபாத்தில் நீ நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நீயும் சுகமாக இரு. இங்கே உன் அம்மா உட்பட அனைவரும் நலம். போனில் சொல்லாமல் எழுதுவது ஏனென்றால், போனில் நீ குறுக்கே பேசுவாய்.

நம் காலனிக்கு வரவேண்டிய உதவித்தொகை விஷயம். மாங்கூழ் ஃபேக்டரியின் கழிவு ஓடை வழியாக வந்து நம் கிணற்றைக் கெடுக்கிறது என்றும், இப்படிப்பட்ட ஜனங்கள் சுத்திகரிப்பு மெஷின் வைக்கவும் ஃபேக்டரி மேல் வழக்குப் போடவும் டெல்லியில் ஒரு டிரஸ்ட் பணம் தருகிறது என்றும் கண்டுபிடித்து, ஃபாரமும் நிரப்பியது நீதான். மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் டெல்லியே அசந்துபோய் ஆள் அனுப்பியது என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியதே நான்தான் என்று பொறாமைக்காரர் சொல்வார்கள், காதில் வாங்காதே.

டிரஸ்டிலிருந்து சுலோசனா மேடமும், தண்ணீர் சோதிக்கும் வெங்கட்டும் ஜூலை பதினாலாம் தேதி வருகிறார்கள், திருப்பதியில் ரூம் போட்டு அங்கிருந்து காரில் வருவார்கள் என்று தகவல். வெளியிலிருந்து ஆள் வந்தால் நம் சபை எப்படி வரவேற்கும் என்று உனக்குத் தெரியாதா? பிஷப் ஐயா வந்தபோது தெரு முழுக்க வெள்ளையடித்து, தோரணம் கட்டி, சாக்கடைமேல் பலகை போட்டு, அதன்மேல் பாடகர் குழுவையே நிறுத்தியவன் நான். 'இவ்வளவு சுத்தமான சபையைப் பார்த்ததில்லை' என்று ஐயா கண்கலங்கிவிட்டார். பலகைக்கு அடியிலிருந்து வந்த வாடையில் கலங்கினார் என்பவர்களும் உண்டு. அதற்கு ஒரு மாற்றுக் குறையக் கூடாதென்று பந்தல், மாலை, பிரியாணி எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் கிணறு. மாங்காய் சீசனில் அது எப்படி இருக்கும் என்று நீ அறிவாய். மேலே மஞ்சள் ஆடை, அதன்மேல் ஈ, புளித்த நாற்றம். டெல்லிக்காரர்கள் முன்னால் வைக்கிற கிணறா அது? நேராக ஃபேக்டரிக்கே போனேன். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். எனக்கு நாற்காலி, ஜூஸ். மேனேஜர் ரமணாவிடம், "விருந்தாளிங்க வர்றாங்க சார், கிணத்துக்கு நல்ல தண்ணி வேணும்" என்றேன். யார் விருந்தாளி என்று கேட்டார். நான் எதையும் ஒளிக்கிறவனா? ஃபாரத்தின் நகலையே காட்டினேன். மனுஷன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தனராஜ்காரு, இதி மன ஊரி மர்யாத! நம்ம ஊரு மரியாதைங்க இது! எத்தனை டேங்கர் வேணுமோ எடுத்துக்கோங்க!" என்றார். அவர்களே மோட்டார் கொண்டுவந்து பழைய தண்ணீரை ஒட்ட இறைத்துவிட்டு, மூன்று டேங்கர் நல்ல தண்ணீர் ஊற்றினார்கள். டெல்லியையும் ஃபேக்டரியையும் ஒரே நாளில் கைக்குள் போட்டவன் இந்த ஜில்லாவில் வேறு யார், நீயே சொல்.

உன் அம்மா மட்டும்தான் முறைத்தாள். "இன்னாடா தனராஜு, பொண்ணு பாக்கவா வர்றாங்க? கெட்ட தண்ணிய பாக்க வர்றவங்களுக்கு நல்ல தண்ணிய ஊத்திக்கினு கீறியே!" என்றாள். அவளுக்கு நிர்வாகம் தெரியாது. தன் காலைக் காட்டப் போகிறேன் என்று வேறு நின்றாள். ஒன்றுமில்லை, ஓடைத் தண்ணீரில் நின்று துணி துவைக்கிற அரிப்பு. விருந்தாளிக்குக் காட்டுகிற பொருளா அது என்று என் சாக்ஸைக் கொடுத்துப் பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். "சரி, நான் வாயத் தொறக்கல. என் பாட்டிலுங்க பேசும்" என்றாள். நீ சொன்னபடி ஞாயிறு தவறாமல் கிணற்றுத் தண்ணீர் பிடித்து, பிளாஸ்திரியில் தேதி எழுதி ஒட்டி, சர்ச் சன்னலில் வரிசையாக வைத்திருந்தாளே, நாற்பத்தாறு பாட்டில். மேடம் வந்ததும் எடுத்துவரப் போனாள். சன்னல் காலி. சுத்தம் செய்யும்போது யாரோ கொட்டிவிட்டார்கள். வெங்கட் கிணற்றில் ஒரு குப்பி மொண்டு, திருப்பதி லேபுக்கென்று சீல் வைத்தார். ஒரு மடக்குக் குடித்தும் பார்த்தார். "நல்லா இருக்கே சார்!" என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

போன வாரம் பதில் வந்தது. 'இக்குடியிருப்பின் நீரில் மாசு காணப்படவில்லை. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.' ரமணா ஒரு காப்பி கேட்டார், கொடுத்தேன். கண்ணாடி போட்டுத் தன் ஆபீஸில் மாட்டியிருக்கிறார். அதில் என் பெயரும் இருக்கிறது. டேங்கர் பிறகு வரவில்லை; நாலாம் நாளே கிணறு பழையபடி மஞ்சள். ஆகவே, திருப்பதி லேபில் குப்பி மாறிவிட்டது என்று காட்டமாக ஓர் இங்கிலீஷ் கடிதம் எழுதி அனுப்பு. முப்பது நாளுக்குள் மறுபடி கேட்கலாமாம்.

நீ கால் வைக்கிற வார்டெல்லாம் சுகமளிக்கிறவர் உனக்கு முன்னே நடப்பாராக. 

ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமன்,
சா. தனராஜ்.

பின்குறிப்பு (ஆகஸ்ட் 11): மேலே உள்ளது கமிட்டியில் வாசித்துக் கைதட்டு வாங்கிய கடிதம். எட்டு நாளாகச் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. படித்ததும் கிழித்துவிடு. லேபில் எதுவும் மாறவில்லை. அந்த 'யாரோ' நான்தான். வாடை அடிக்கிறதென்று நாற்பத்தாறையும் கொட்டிக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு ரோஜா செருகி மேடையில் அடுக்கினேன். பிளாஸ்திரி லேசில் வரவில்லை, அவ்வளவு அழுத்தி ஒட்டியிருந்தாள், கத்தியால் சுரண்டினேன். அக்கா சன்னலைப் பார்த்தாள், மேடையில் ரோஜாவைப் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை. அரிப்பு என்று நான் எழுதியது, முழங்கால் வரை புண். போன செவ்வாய் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உனக்குச் சொல்லக் கூடாதென்று அங்கே நர்ஸிடம் சொல்லிவைத்திருக்கிறாள். நீ லீவு போட்டு வா.

டெல்லிக்கு இதை மட்டும் இங்கிலீஷில் போடு: பழைய தண்ணீரை இறைக்க விட்டவன், நல்ல தண்ணீரை ஊற்றச் சொன்னவன், சாட்சியைக் கொட்டியவன் தனராஜ். காலனியில் மற்றவர்கள் மேல் தப்பில்லை. திரும்ப வாருங்கள், இந்தத் தடவை சொல்லாமல் வாருங்கள். கையெழுத்துக்கு இடம் விட்டு அனுப்பு, போடுகிறேன்.

நேற்று ஞாயிறு. கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்து, தேதி ஒட்டி, சர்ச் சன்னலில் நானே வைத்துவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்துப் போய் அக்காவிடம் சொன்னேன். நாலு வாரத்துக்கு அப்புறம் வாய் திறந்தாள்.

"மூடிய இறுக்கி மூடினியாடா?" என்றாள்.

மூடினேன் என்றேன். ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை. சர்ச்சுக்குப் போய் இன்னொரு தடவை திருகிவிட்டு வந்தேன்.