நோரிஸுக்காகக் காய்ச்சியது

துணி அலமாரிக்குள்ளிருந்து வரவேண்டிய சத்தம் வரவில்லை.

டோரின் அதன் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே, வெந்நீர்த் தொட்டியின் கதகதப்பில், துண்டுகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் நடுவே ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் மூடியில் செருகிய வளைந்த குழாய் 'களுக், களுக்' என்று விக்க வேண்டும். விக்கினால் உள்ளே பீர் உருவாகிறது என்று அர்த்தம். நேற்று காலையிலிருந்து ஒரு விக்கல்கூட இல்லை.

"செத்துப்போச்சுடி மேவிஸ்," என்றாள்.

"சாகறதுக்கு முதல்ல அது பொறந்திருக்கணும்," என்றாள் பக்கத்து வீட்டு மேவிஸ், மாடிப்படியில் உட்கார்ந்து பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேவிஸ்தான் இதற்கெல்லாம் காரணகர்த்தா. பழைய சாமான்களை விற்றுத் தர்மம் செய்யும் கடை ஒன்றில் அவள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாள். வாளி, மூடி, குழாய், ரப்பர் டியூப், பல ஜாதிப் பாட்டில்கள் என்று எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, "யாரோ செத்தவர் வீட்டுலேர்ந்து வந்துச்சு. உனக்குத்தான்னு எடுத்து வச்சேன்," என்று கொண்டுவந்து இறக்கியவள் அவள்தான். வாளி மட்டும் அந்தச் செத்தவருடையது அல்ல என்று பிறகு தெரிந்தது. அது ஒரு மீன்வறுவல் கடையில் பல வருஷம் வினிகரில் முட்டை ஊறப்போட்ட வாளி. டோரின் அதைச் சோடா மாவு போட்டுத் தேய்த்தாள். முட்டை வாடை போகவில்லை. பிளீச்சிங் ஊற்றி ஊறவைத்தாள். இப்போது முட்டையைப் பிளீச்சிங்கில் ஊறவைத்தது போல் மணத்தது. பிறகு மேவிஸ் சொன்னாளே என்று லாவெண்டர் சோப்பு போட்டாள்.

"ஏண்டி, கடையில நல்ல பீரா நாலு பாட்டில் வாங்கி வச்சா ஆகாதா?" என்று மேவிஸ் ஆரம்பத்திலேயே கேட்டாள்.

"அவர் கடை பீரைத் தொடமாட்டாருடி. அதானே விஷயமே."

அவர் என்றால் நோரிஸ். செவ்வாய்க்கிழமை மதியங்களில் சர்ச் மண்டபத்தில் நடக்கும் நடனத்தில் அறிமுகமானவர். மனைவியை இழந்தவர், டோரின் கணவனை இழந்தவள். நடனத்தில் டோரினின் காலை மிதித்துவிட்டால் அவளைவிட அவருக்குத்தான் அதிகம் வலித்தது போல் முகத்தைச் சுருக்குவார். பேச்சு ரொம்பக் குறைவு. வாழ்நாள் முழுக்க பர்ட்டன் நகரத்துப் பீர் ஆலையில் பீப்பாய் செய்தவர். ஊரே பீர் காய்ச்சிப் பிழைக்கிற ஊர். காற்றில்கூட பீருக்கு முளைகட்டி வறுத்த பார்லி வாசனைதான். அப்படிப்பட்ட ஊரில் அப்படிப்பட்ட மனுஷனை இரண்டு தடவை மதுக்கூடத்துக்கு அழைத்துப்போனாள். இரண்டு தடவையும் அவர் பீர் கிளாஸை மூக்குக்குக் கீழே கொண்டுபோய், கண்ணை மூடி, அப்படியே கீழே வைத்துவிட்டு, "வண்டி ஓட்டணும். எனக்கு எலுமிச்சம்பழ சோடா போதும்," என்றார்.

டோரினுக்குப் புரிந்துவிட்டது. ஆலையிலேயே பிறந்து வளர்ந்த நாக்கு. இந்த மதுக்கூடத்துக் கழுநீரெல்லாம் அதற்கு இறங்குமா? நல்ல பீரை அவருக்கு யாராவது வீட்டில் பக்குவமாகக் காய்ச்சித் தரவேண்டும்.

அவசரமும் இருந்தது. தொலைதூரப் பிளிமத்தில் இருக்கும் அவருடைய மகள் அப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். கடற்கரை வீடு, தனி அறை, பேரப்பிள்ளைகள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "போகாதீங்க" என்று ஒரு வார்த்தை டோரின் சொல்லியிருக்கலாம். அறுபத்திரண்டு வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பீர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

"குளிருடி அதுக்கு," என்று தீர்ப்புச் சொன்னாள் மேவிஸ். "வெந்நீர்த் தொட்டியை இன்னும் சூடாக்கு. அப்புறம் ரொட்டி ஈஸ்ட் ஒரு பாக்கெட் இருக்கில்ல, அதையும் கொட்டு."

"பீர் ஈஸ்ட் ஏற்கெனவே போட்டாச்சே."

"ஒருத்தன் தூங்குறான், இன்னொருத்தன் போய் எழுப்புவான்."

இன்னொருத்தன் எழுப்பினான். மறுநாள் காலை டோரின் மாடியேறியபோது அலமாரிக் கதவின் அடியிலிருந்து பழுப்பு நுரை மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தாள். துண்டுகள், விரிப்புகள், அவளுடைய கல்யாணத்துக்கு வந்த மேஜை விரிப்பு, எல்லாம் நுரை குடித்துக் கிடந்தன. ஜன்னலைத் திறந்து மேவிஸைக் கூப்பிட்டு அலறினாள்.

"மூடியை அழுத்திப் பிடி! நான் வர்றேன்!" என்று மேவிஸ் வேலிக்கு அப்பாலிருந்தே கத்தினாள். வந்தவள் தன் வார்ப்பிரும்பு வாணலியை மூடிமேல் ஏற்றி வைத்தாள். நுரை நின்றது. இருவரும் கீழே வந்து டீ போட்டார்கள். பிஸ்கட்டை டீயில் நனைத்த நேரத்தில் மேலே பட்டென்று ஒரு சத்தம். வாணலி அசையவில்லை. மூடியிலிருந்த குழாய் மட்டும் கிளம்பிப்போய் அலமாரியின் கூரையில் குத்தி நின்றது. அதன் பின்னாலேயே போன பீர், சுவரெல்லாம் வழிந்தது.

"உயிர் இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சில்ல," என்றாள் மேவிஸ் திருப்தியாக.

எப்படியோ வாளியில் பாதிக்கு மேல் மிஞ்சியது. கொந்தளிப்பெல்லாம் அடங்கி அது தெளியும்வரை காத்திருந்து பாட்டிலில் அடைத்தார்கள். பாட்டிலுக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட்டால்தான் பீரில் நுரை வரும். டோரின் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். அவள் டியூபைக் கழுவப் போன சமயத்தில், பாவம் மறந்துவிட்டாளே என்று மேவிஸும் வரிசையாகப் போட்டுவிட்டாள். இது இருவருக்கும் தெரிய ஒரு வாரம் ஆனது.

தெரியாத அந்த வாரத்தில்தான் டோரின் தைரியமாக நோரிஸுக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வர்றீங்களா? உங்களுக்காகன்னு ஒண்ணு பண்ணியிருக்கேன்."

"கேக்கா?" அவர் குரலில் ஆசை தெரிந்தது.

"இல்ல. பீரு. நானே காய்ச்சினேன்."



"நீங்களேவா?"

"ஆமா. உங்களுக்காகத்தான்."

"சரி, வர்றேன்," என்றார். கொஞ்சம் யோசித்து, "வண்டி ஓட்ட லென்னை வரச் சொல்றேன்," என்றார். லென் அவரோடு ஆலையில் வேலை பார்த்த கூட்டாளி. டோரின் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினாள். வண்டி ஓட்ட ஆள் வைக்கிறார் என்றால் ஆசை தீரக் குடிக்கப்போகிறார்.

வியாழக்கிழமை மதியம் தோட்டத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்ததில் முதல் பாட்டில் வெடித்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று தீபாவளிச் சரம் மாதிரி போனது. எதிர்வீட்டு பிக்கரிங், பட்டாளத்தில் இருந்தவர், ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"சர்க்கரை போட்டியா?" என்றாள் டோரின், கொட்டகை வாசலில் நின்று.

"நீ மறந்துட்டியேன்னு போட்டேன்."

"நான் மறக்கலடி!"

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

தலையில் சட்டியும் கையில் அடுப்புக் கையுறையுமாக இருவரும் மிஞ்சிய பாட்டில்களைத் தூக்கிவந்து, மாடியில் குளியல் தொட்டிக்குள் படுக்கவைத்து, மேலே குளிர்காலத்துக் கனத்த போர்வையை ஈரமாக்கிப் போர்த்தினார்கள். குழந்தையைத் தூங்கவைத்தவர்கள் போல நுனிக்காலில் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு டோரின் மேவிஸ் வீட்டில் குளித்தாள்.

"நாலு பாட்டிலைக் குளிர்ப்பெட்டியில வச்சா அடங்கும்," என்றாள் மேவிஸ். "அவருக்கு அதைக் குடு. மீதியைப் பத்தி மூச்சு விடாதே."

ஞாயிற்றுக்கிழமை நோரிஸ் நீலக் கோட்டும் டையுமாக வந்தார். லென் அவரை வாசலில் இறக்கிவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கிரேவி என்று எல்லாம் நன்றாக அமைந்திருந்தது. டோரினுக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை. கடைசியில் எழுந்துபோய் ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திறந்தாள். வெடிக்கவில்லை. சாக்கடை நிறத்தில் ஒரு கிளாஸ் நிறைந்தது. முட்டையும் வினிகரும் லாவெண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக மேஜைக்கு வந்து சேர்ந்தன.

"கொஞ்சம் கலங்கலா இருக்கு," என்றாள்.

"பரவாயில்லீங்க."

"வாசனைகூட..."

"பரவாயில்லீங்க டோரின்."

அவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். இதோ, கீழே வைக்கப்போகிறார் என்று டோரின் மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் வைக்கவில்லை. கஷாயம் குடிக்கிறவர் போலத் தலையைப் பின்னால் சாய்த்து, முழுக் கிளாஸையும் ஒரே மூச்சில் இறக்கினார். முகம் சிவந்தது. காது சிவந்தது. கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர் வந்தது.

"எப்படி... இருக்கு?"

"இன்னொண்ணு இருக்கா?" என்றார் நோரிஸ், குரல் கம்ம.

அதையும் குடித்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "மாடியில பாத்ரூம்..." என்றார்.

தொட்டியின் ஞாபகம் டோரினுக்கு வருவதற்குள் அவர் மேலே போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம். பிறகு ஓங்கரிக்கும் சத்தம். பிறகு 'டொம்' என்று ஒன்று, போர்வைக்கடியிலிருந்து.

"நோரிஸ்! அடிபட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல! நல்லாத்தான் இருக்கேன்!" என்று மேலேயிருந்து பதில் வந்தது. வந்த கையோடு பாட்டும் வந்தது. சர்ச்சில் பாடும் பாட்டு, சர்ச்சில் யாரும் பாடாத ராகத்தில், வீடு அதிரும்படி. ஒரு நடனத்துக்கு நாலு வார்த்தை பேசும் மனுஷன்.

டோரின் படியடியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்துபோயிற்று. ஆயுசு முழுக்கப் பீரோடு வாழ்ந்த மனுஷனுக்கு முட்டைத் தண்ணீரைக் கொடுத்து வாந்தியெடுக்க வைத்துவிட்டாள். மரியாதைக்காகக் குடித்திருக்கிறார். இப்போது பிளிமத்துக்குப் போக ஒரு நல்ல காரணம் கிடைத்த சந்தோஷத்தில் பாடுகிறார். அந்த ஒரு வார்த்தையை நேராகவே சொல்லித் தொலைத்திருக்கலாம். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை பொங்கியது.

வாசல் மணி அடித்தது. லென்.

"என்ன கண்ணு, அழறே?" என்றவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா அது பாடறது?"

"உங்க கூட்டாளிதான். கூட்டிட்டுப் போயிடுங்க லென். என் பீரைக் குடிச்சு உடம்புக்கு ஆகாம மேல கிடக்கறாரு. இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டாரு. ஊருக்குப் போயிடுவாரு."

"யாரு குடிச்சா?"

"நோரிஸ்தான்."

"நோரிஸா? வாயால?"

"ரெண்டு கிளாஸ். கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

லென் தொப்பியைக் கழற்றினார். அவளுக்குப் பக்கத்தில் படியில் மெதுவாக உட்கார்ந்து, மேலேயிருந்து வரும் பாட்டைக் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"அவன் எந்த ஊருக்கும் போகமாட்டான் கண்ணு," என்றார். "ஆலையில தினமும் ஆளுக்கு ரெண்டு கிளாஸ் பீரு சும்மா குடுப்பாங்க. அந்த வாடையே அவனுக்குக் குமட்டும். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ரிட்டையர் ஆகற வரைக்கும் அவன் பங்கையும் நான்தான் குடிச்சேன்!"