அசையாமல் நின்ற குடும்பம்

அருவியைக் கரையில் நின்று படமெடுப்பவர்களை அந்தக் காலத்தில் நான் ஓர் ஆளாகவே மதித்ததில்லை. தண்ணீருக்குள் இறங்க வேண்டும், கால் விறைக்க வேண்டும், அட்டை கடிக்க வேண்டும். அப்படி எடுத்தால்தான் அது படம். (தெப்ராவில் ஏர்கான் போட்ட கிடங்கில் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்கு வேறு என்ன வீரம் இருக்கப்போகிறது?)

அதே கிடங்கில் வேலை பார்த்த கவிதாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. பிடிக்க வேண்டியது அவள் அப்பாவுக்கு. ரெங்கத்தில் செம்பனைத் தோட்டத்து மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்த குரல். வீட்டில் உப்புக் கேட்டாலும் எல்லாரும் நிமிர்ந்து நிற்பார்கள். என்னைப் பற்றி "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு, கோத்தா திங்கி பக்கம் ஓர் அருவிக்குக் குடும்பத்தோடு போனார்கள். என்னையும் கேமராவோடு வரச் சொன்னார்கள். எனக்கு உடனே ஒரு யோசனை. குடும்பப் படத்தில் நானும் நின்றுவிட வேண்டும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய முகத்தை அப்புறம் எப்படி வேண்டாம் என்பார்கள்? (சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று இது ராஜதந்திரமாகத் தெரிந்தது.)

அப்பா, அம்மா, கவிதா, பொந்தியானிலிருந்து வந்திருந்த அத்தை, நால்வரையும் அருவிக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் நிறுத்தினேன். எதிரே இடுப்பளவு தண்ணீரில் டிரைபாடை ஊன்றி, லென்ஸில் கறுப்புக் கண்ணாடியை மாட்டினேன்.

"அங்கிள், கேமரா கொஞ்ச நேரம் கண்ணத் தொறந்தே வச்சிருக்கும். அப்பதான் தண்ணி பட்டு மாதிரி விழும். அசைஞ்சா மூஞ்சி கலங்கிடும். என்ன நடந்தாலும் அசையாதீங்க."

"தம்பி சொன்னது கேட்டுச்சா? என்ன நடந்தாலும்" என்றார் அவர்.

"மூச்சு விடலாமா?" என்று அம்மா கேட்டார்.

"மெதுவா விடு."

டைமரை அழுத்திவிட்டு, கவிதாவின் பக்கத்தில் விட்டிருந்த இடத்தைப் பார்த்து ஓடினேன். தண்ணீரில் யாரும் ஓட முடியாது என்பது பாதி வழியில்தான் புரிந்தது. பாசியில் கால் சறுக்கி, பொத்தென்று உட்கார்ந்தேன். ஆறு அந்த இடத்தில் திரும்பி ஓடுவதால், என்னை அவர்கள் முன்னால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிதானமாக ஊர்வலம் கூட்டிப்போனது.

யாரும் அசையவில்லை. கவிதா உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். அத்தை மட்டும் பல்லைத் திறக்காமல், "அலமாக், ஐயோ, தம்பி போவுது அண்ணே" என்றார்.

"தெரியுது. அசையாத."

கேமரா சொடக்கென்று மூடிய பிறகுதான் அவர் கை நீட்டினார். அதற்குள் நானே ஒரு பாறையைக் கட்டிப்பிடித்திருந்தேன். ஒரு செருப்பு போய்விட்டது, முட்டி கிழிந்துவிட்டது. கல்யாணமும் தண்ணீரோடு போய்விட்டது என்று நினைத்தபோது அழுகையே வந்தது. ஆனால் தட்டுத்தடுமாறி அவர்களிடம் வந்து சேர்ந்தபோது என் வாயில் வந்தது வேறு.

"யாராச்சும் அசைஞ்சீங்களா?"

"யாரும் அசையல" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "இவனுக்கே குடுத்துடலாம்லா. ஆறு இழுத்துட்டுப் போயும் நம்மகிட்டதான் திரும்பி வரான்."

அதுவரை அசையாமல் நின்ற கவிதா அப்போதுதான் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

படம் அருமையாக வந்திருந்தது. பட்டுப்போல அருவி, கல்லில் செதுக்கிய மாதிரி நாலு பேர். அவர்கள் முழங்காலுக்குக் குறுக்கே, கலங்கலாக ஒரு நீளமான நீலக் கோடு. அது என் புதுச்சட்டை. ரெங்கத்து வீட்டுக் கூடத்தில் அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். மருமகன் எங்கே என்று யார் கேட்டாலும் மாமனாரின் விரல் அந்தக் கோட்டுக்குத்தான் போகும்.

போன வருடம் பாலர்பள்ளியில் குடும்பத்தை வரையச் சொன்னபோது என் மகள் தாத்தா, பாட்டி, அம்மா எல்லாருக்கும் கண்ணும் மூக்கும் வைத்து, கீழே ஒரு நீலக் கோடு இழுத்து "அப்பா" என்று எழுதிவிட்டாள். டீச்சர் கவிதாவுக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, "பாப்பாவோட அப்பா இப்ப உங்ககூட இல்லீங்களா?" என்று கேட்டாராம். கவிதா சிரித்த சிரிப்பை அழுகை என்று நினைத்து ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, முகத்தைக் காட்ட நானே பள்ளிக்குப் போனேன். டீச்சர் திகைத்துப்போய் மகளைப் பார்த்தார்.

"இவருதான் டீச்சர் எங்கப்பா" என்றாள் அவள். "தாத்தா வீட்டுல இன்னும் நீளமா இருப்பாரு."