கொம்புத்தூள் பாயின் ரோஜா

ரோஜாப்பூவைக் கண்டதும் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்த மனிதர் இவ்வுலகில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் ஆம்பூரில் பிறந்துவிட்டார். தோல் மண்டியில் தரம் பிரிப்பது அவர் தொழில். ஆட்டுத்தோலைப் புரட்டுவதுபோலவே ரோஜாவையும் புரட்டி, "இது ஃபர்ஸ்ட், இது செகண்டு, இது கழிவு" என்று தீர்ப்பளிப்பார். எந்தச் செடியின் எந்த நோய்க்கும் மாட்டுக்கொம்பை அரைத்த கொம்புத்தூள் ஒன்றே மருந்து என்று நம்பியதால், ஊர் அவரைக் கொம்புத்தூள் பாய் என்றே அழைத்தது.

நான் அப்போது பி.ஏ. தேறிய புதிது. நான் ஒருநாள் பொதுத்தொண்டு செய்யாவிட்டாலும் தேசம் பின்தங்கிவிடும் என்று கவலைப்பட்ட காலம். ஆகவே எங்கள் ஊர் ரோஜா சங்கத்தில் தொண்டனாகச் சேர்ந்தேன். ரயில் நிலையத்தருகே ஊர் நிர்வாகம் இரவல் கொடுத்த நிலத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் களையெடுப்போம். பாய் மேற்பார்வை செய்வார்.

ஒருநாள் ஆடு ஒன்று உள்ளே புகுந்தது. "விரட்டுங்க பாய்" என்றேன். அவரோ நிதானமாக அதன் முதுகைத் தடவிவிட்டு, பின்னால் ஓடிவந்த ஆட்டுக்காரியிடம், "உண்ணி கடிச்ச வடு ஜாஸ்தியா இருக்குதும்மா. செகண்டுக்குத்தான் போவும். நல்லா தீனி போடு" என்றார். அந்த ஆலோசனையை ஆடு உடனே ஏற்று, இரண்டு செடிகளைத் தின்று முடித்தது.

இந்நிலையில் ஊர்த் தலைவர் நிலத்தைத் திரும்பக் கேட்டார். "அங்க வண்டிப்பேட்டை வரணும். வேலூர் மலர்க் கண்காட்சில ஏதாவது ஒரு பரிசு வாங்கிக் காட்டுங்க, விட்டுடறேன். இல்லேன்னா வேலியைப் பிடுங்கிடுவேன்" என்றார்.

பரிசுக்குத் தகுதியான பூ எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. பாய் பீப்பாயில் வளர்த்த செடியின் கருஞ்சிவப்பு ரோஜா. பூவை மட்டும் வெட்டி எடுத்துச் செல்வதே வழக்கம். பாய் இசையவில்லை.

"உசுரோட இருக்கறதை வெட்டி எடுத்துட்டுப் போய் காட்றதா? தோலுக்குத்தான் சார் அது சரி."

விளைவுகளைச் சீர்தூக்கிப் பார்த்தேன். செடியையே கொண்டுபோவதில் தீங்கேதும் எனக்குப் புலப்படவில்லை. வழியில் வாடாதிருக்க, கொம்புத்தூளும் ஆட்டுமயிரும் தோல் ஊறிய பட்டைச் சக்கையும் பாய் பீப்பாயில் தாராளமாக நிரப்பினார். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து மாட்டுவண்டி.

எங்கள் பீப்பாய் கூடாரத்தில் நுழைந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. மரியாதை என்றே கருதினேன். நடுவராக வந்திருந்த துரைசானி அம்மாள் தொலைவிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா சார், அம்மாவுக்கு ஜலதோஷமா?" என்றார் பாய்.

"நாத்தம் தாங்கலையாம்" என்றார் அருகிலிருந்த குமாஸ்தா.

"நாத்தமா? எங்க?"

பாய் நாற்புறமும் மோந்து பார்த்தார். நானும் மோந்தேன். மனச்சாட்சிக்கு விரோதமின்றிச் சொல்கிறேன்: ரோஜாவின் மணம் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. தோல் பதனிடும் ஆம்பூரில் வளர்ந்த மூக்குகளுக்கு அந்த வாடை உறைக்காது என்பதை அன்றுதான் இருவரும் அறிந்தோம்.

"பூவை மட்டும் வெட்டி அந்தாண்ட கொண்டாங்க. இல்லேன்னா தள்ளுபடி" என்றார் குமாஸ்தா.

பாய் என்னைப் பார்த்தார். "நிலம் போயிடுமா சார்?"

"போயிடும் பாய்."

"மத்த செடிங்க?"

அவர் இடுப்பிலிருந்த தோல் கத்தியை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது, நிலம் பிழைத்தது. சங்கத்தின் சார்பில் நான் நன்றியுரை ஆற்றும்போதே, "செகண்டா? அம்மா பூவைத் திருப்பிக்கூட பாக்கலை சார்" என்று பாய் பின்னாலிருந்து முறையிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பாலாற்றங்கரையில் நல்ல வெயில். திறந்த வண்டியில் பாய் தாம் வெயிலில் அமர்ந்து, பீப்பாய்க்குக் குடை பிடித்து வந்தார்.

"பூதான் இல்லையே பாய், குடை எதுக்கு?"

"இப்பதான் சார் அதுக்கு வெயில் தாங்காது" என்றார், வெட்டிய காம்பைக் கையால் மூடியபடி.

அவர் கை வலிக்குமே என்று குடையை வாங்கி, காட்பாடி வரும்வரை நானே பிடித்துக்கொண்டேன்.