கப்பலில் பிடித்து வைத்த இருபதாயிரம்

ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக் கொடுப்பவனுக்குச் சொந்தக் கணக்கு உதைக்கும். நம்பாதவர்கள் என்னைப் பார்க்கலாம். பாறசாலையில் கணக்கு வாத்தியார் நான். (இன்னும் வேலையில் இருக்கிறேன், மாணவர்களிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.)

ஆறு வருடங்களுக்கு முன், மாமனார் பென்ஷன் ஆன சந்தோஷத்தில் எங்கள் எல்லோருக்கும் கொச்சியிலிருந்து இரண்டு ராத்திரி சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார். திரும்பி வந்து ஒரு வாரத்தில் மச்சினி பிந்துவுக்கு நிச்சயம். கப்பலுக்குள் ஆகும் செலவும் நிச்சயப் பட்டும் மூத்த மருமகனான என் பொறுப்பு என்று, யாரும் கேட்காமலே நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வங்கியில் நாற்பத்தோராயிரம் கிடந்தது. அந்தத் தைரியம்தான்.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஆளுக்கொரு அறை அட்டை தருவார்கள். எதை வாங்கினாலும் அதைக் காட்டினால் போதும், செலவு நம் வங்கி அட்டையில் வந்து விழும். வரவேற்பில் என் டெபிட் கார்டை வாங்கித் தேய்த்த பெண், "சாரே, இப்போ இருபதினாயிரம் ஹோல்டு மாத்ரம்" என்று தொடங்கி நிறைய விளக்கினாள். நான் கார்டு நீட்டியதை மாமா பார்த்தாரா என்று பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உடனே போனில் செய்தி வந்தது. மிச்சம் இருபத்தோராயிரம்.

இருபதாயிரம் போய்விட்டது என்று முடிவு செய்தேன். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் தின்பண்டக் கடைக்கு முன்கூட்டியே கூப்பன் விற்போம். மிஞ்சிய கூப்பனுக்குக் காசு திரும்பாது. அதனால் கடைசி அரை மணி நேரத்தில் பசியே இல்லாத ஊர் மொத்தமும் நின்று வடை தின்னும். அந்த அறிவோடு அறையில் குடும்பக் கூட்டம் போட்டேன்.

"கூப்பன் எடுத்தாச்சு. ஒரு பைசா மிச்சம் வைக்கப்படாது."

"சோறும் காப்பியும் டிக்கெட்டிலயே உண்டுல்லா, பின்ன என்னத்துக்கு?" என்றாள் என் மனைவி சுனிதா.

"போன பைசா ஆக்கும். நாம தின்னலேன்னா கப்பல்காரன் தின்னுவான்."

மாமாவைக் கால் அமுக்கும் இடத்துக்கு இரண்டு தடவை அனுப்பினேன். மூன்றாவது தடவை, "போதும் மருமவனே, காலு ரெண்டும் அவிஞ்சு போச்சு" என்று கும்பிட்டார். பிந்து கப்பல் போட்டோக்காரரிடம் நாற்பது படம் எடுத்துக்கொண்டாள். மாமியார் மட்டும் என் திட்டத்தில் சேரவில்லை. இடுப்பில் சொருகிய துணிப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை உருவி ஜூஸ் கடையில் நீட்டினார். வாங்க மாட்டோம் என்றார்கள்.

"மாமி, அதை மியூசியத்தில குடுங்க. அவிய வாங்குவாவ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமி பையை மறுபடி சொருகிக்கொண்டார்.

கடைசி ராத்திரி வரவேற்பில் அதுவரை ஆன செலவைக் கேட்டேன். இருபதாயிரத்தில் தின்ன வேண்டியது இன்னும் அறுநூற்றுச் சொச்சம் பாக்கி. சுனிதாவுக்கு மூன்று கிளாஸ் அன்னாசி ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். காலையில் கதவுக்கடியில் பில் கிடந்தது: பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. இருபது ரூபாய்தான் வீண். நூற்றுக்கு நூறு வாங்கியவன் போல எல்லோரிடமும் காட்டினேன்.

கொச்சியிலிருந்து நேராக நெய்யாற்றின்கரை ஜவுளிக்கடைக்குப் போனோம். பிந்து மாம்பழ நிறப் பட்டு ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தாள். பதினெட்டாயிரம். "அத்தான், இது மதி, வேற வேண்டாம்" என்றாள். கார்டை நீட்டினேன். மெஷின் மறுத்தது. துடைத்துக் கொடுத்தேன். மறுபடியும் மறுத்தது. கணக்கில் இருந்தது ஆயிரத்து இருபது ரூபாய் என்று போன் சொன்னது.

வங்கிக்குப் போன் போட்டேன். பிடித்து வைத்தது வெறும் முன்ஜாக்கிரதைக்கு. கப்பல் பில்லைத் தனியாக எடுத்துவிட்டார்கள். பிடித்தது தானாக விடுபடும், பத்து நாள்கூட ஆகலாம் என்றார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் கடன் வரம்புதான் கொஞ்சம் முடங்கியிருக்கும். டெபிட் கார்டில் முடங்கியது என் சொந்தச் சோறு. எங்களை யாரும் ஏமாற்றவில்லை. நான்தான் தேவையில்லாமல் இருபதாயிரத்தைத் தின்று தீர்த்திருந்தேன்.

பிந்து பட்டை மடிக்கத் தொடங்கினாள். அவள் மடித்த அழகைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் மாமி இடுப்பிலிருந்து துணிப்பையை உருவினார். எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணி மேசையில் வைத்தார்.

"மியூசியத்துக்கு வச்சிருந்தது ஆக்கும் மக்கா. பரவால்ல, எடுத்துக்கோ."

பிடித்த பணம் ஒன்பதாம் நாள், நிச்சயம் முடிந்த பிறகு வந்தது. மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அது அதோடு முடியவில்லை. கல்யாணத்துக்கு மொய்க்கவர் நீட்டினாலும் சரி, கோயில் உண்டியலில் காசு போட்டாலும் சரி, வீட்டில் யாராவது அந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். போன மாதம் பிந்துவின் மகளுக்குப் பிறந்தநாள். நாலு வயது. மோதிரம் போட்டுவிட்டேன். குழந்தை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"பெரியப்பா, இது எடுத்ததா, பிடிச்சு வச்சதா?"