லைட் கர்ட்டனுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தால் போதும். கதவு, பீரோ, மிக்ஸி, டி.வி. ரிமோட் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போவார்கள். (எங்கள் ரூமில் ஒருவன், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவனுக்கும் வைத்தான்.) நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். மற்றவர்கள் வைத்த பொட்டால் மெஷின் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது நான் ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் மெஷினுக்கு ஆபரேட்டர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அதே கம்பெனியில் குவாலிட்டியில் இருந்த செல்விக்கும் எனக்கும் கம்பெனி பஸ்ஸிலேயே காதல் முற்றி, விஷயம் சேரப்பணஞ்சேரியில் இருந்த அவள் அப்பா காதுவரை போய்விட்டது. ஏகாம்பரம் என்று பெயர். விவசாயி. அதிகம் பேசமாட்டார். (பேசாமலே பயமுறுத்துவார்.) மகளின் பிடிவாதம் தாங்காமல், "ஆயுத பூஜைக்கு கம்பெனிக்கு வரேன். அந்தப் பையன் இன்னா வேலை பண்றான்னு பாத்துட்டு சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். ஆக, என் கல்யாணம் அந்த மெஷினை நம்பி இருந்தது.

எனவே மெஷினைக் கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். முந்தின நாள் மீட்டிங்கில் எங்கள் சூப்பர்வைசர் பாபு அண்ணன், மெஷினுக்குள் எலுமிச்சம்பழம் வைக்கக் கூடாது, சுற்றுகிற எதிலும் மாலை போடக் கூடாது, கற்பூரத்தை வெளியேதான் ஏற்ற வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒருவன் தன் லைனில் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது, பாவம்.

எல்லா இடத்திலும் வைத்த பிறகும் கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. மெஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் ஒரு மஞ்சள் பட்டை நிற்கும். லைட் கர்ட்டன் என்று பெயர். ஒரு பட்டையிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். நடுவில் கை போய் அதை மறைத்தால் மெஷின் உடனே நின்றுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ட்ரெயினிங் பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். ஆனாலும் அந்த நீளக் கண்ணாடி பொட்டில்லாமல் மூளியாக நிற்பதை மனசு ஏற்கவில்லை. மேலிருந்து கீழ்வரை தாராளமாகச் சாத்திவிட்டேன்.

ஏகாம்பரம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டச் சொன்னார். இரண்டையும் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகை பார்க்கிறாரா, மோதிர அளவு பார்க்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. (மோதிரம்தான் என்று மனசு அடித்துச் சொன்னது.)

பூஜை முடிந்தது. மேனேஜர் என்னைப் பார்த்து, ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் கம்பீரமாக அழுத்தினேன். மெஷின் அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி சிவப்பு.

"தம்பி, தெனமும் இப்டிதான் ஓட்டுவீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏகாம்பரம்தான்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மெயின்டனன்ஸ் ஆள் வருவார், யாரும் எதையும் தொடக் கூடாது என்றார் பாபு அண்ணன். புத்தியுள்ளவன் சும்மா நின்றிருப்பான். எனக்கோ கல்யாணம் கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. முதலில் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். சந்தனம் கண்ணாடி முழுக்கப் பரவிச் செட்டிலாகிவிட்டது. பிறகு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். சந்தனம் போகவில்லை, கண்ணாடியில் கோடு விழுந்தது. கடைசியாகக் கை ஏர் கன்னுக்குப் போனது. இரும்புத் தூளை ஊதித் தள்ளும் காற்றுக் குழாய் அது. மனிதர்கள் பக்கம் திருப்பக் கூடாது என்பது சட்டம். நான் திருப்பவில்லை. லைட் கர்ட்டனைப் பார்த்துத்தான் அழுத்தினேன். பக்கத்திலேயே குங்குமத் தட்டு இருந்ததைக் கவனிக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது உலகமே சிவப்பாக இருந்தது. மேனேஜரின் சட்டை சிவப்பு. ஏகாம்பரத்தின் மீசை, சட்டை, வேட்டி எல்லாம் சிவப்பு. செல்வி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாபு அண்ணன் என் கையிலிருந்து ஏர் கன்னை மெதுவாகப் பிடுங்கினார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "அண்ணே, இந்த லைட் கர்ட்டன மட்டும் ஆஃப் பண்ணிருங்க. ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டிருதேன்" என்று கெஞ்சினேன்.

"அது இல்லாம இந்த மெஷினு ஓடாதுடா. ஓடவும் கூடாது" என்றார் அவர்.

அது என்ன என்று ஏகாம்பரம் கேட்டார். பாபு அண்ணன் பொறுமையாக விளக்கினார். ஏகாம்பரம் கண்ணிலிருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பட்டையையே பார்த்தபடி நின்றார். அவருடைய தம்பி ஒரு பழைய பட்டறையில் பிரஸ் ஓட்டியவராம். ஒரு நாள் மூன்று விரல் இல்லாமல் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்த மெஷினில் இந்த மாதிரி எதுவும் கிடையாதாம். அவர் ஏன் என் கையைப் பார்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"பொட்டு வெச்சதுக்கே நின்னுடுச்சா?" என்று பாபு அண்ணனைக் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப கைய வுட்டா கண்டிப்பா நின்னுடும்." என் பக்கம் திரும்பினார். "மாப்ள, மொதல்ல போய் மூஞ்ச கழுவிகினு வாங்க."

காலையிலிருந்து தம்பியாக இருந்தவன் மாப்ளயாகிவிட்டதை நான் கவனிக்கவே இல்லை. செல்வி சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கோடு விழுந்த பட்டையை மாற்றினார்கள். என்னைப் புதுசாகச் சேர்ந்தவர்களோடு உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து ட்ரெயினிங் கொடுத்தார்கள். 'இங்கே பொட்டு வைக்கக் கூடாது' என்ற அறிவிப்பு அந்த மெஷினில் இன்றும் இருக்கிறது. எதற்காக என்று புதுப் பையன்கள் கேட்டால் கைநீட்டி என்னைக் காட்டுகிறார்கள்.

வீட்டில் ஆயுத பூஜையன்று எனக்குச் சந்தனக் கிண்ணம் தருவதில்லை. ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்ததும் மாமனார் என் எதிரே உட்கார்ந்து கையை நீட்டச் சொல்வார். ஒவ்வொரு விரலாக எண்ணிச் சந்தனம் வைப்பார். பத்து முடிந்ததும், "கரெக்டா கீது" என்று செல்வியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்.