காட்டாத டிரைவ்

என் லேப்டாப்பில் இரண்டாவது ஹார்ட் டிரைவ் காட்டக் கூடாது. தலைகீழாக நின்றாலும் காட்டக் கூடாது. இது நான் எடுத்த முடிவு.

காரணம் இருக்கிறது. மகளின் சடங்கு வீடியோ அதில்தான் இருந்தது. கஹவத்தையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சாலி, லேப்டாப்பில் சீடி போடுகிற பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிரைவை மாட்டித் தந்தார். முதலில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மகள் அழகாக இருந்தாள். அவளுக்குப் பின்னால், சமையல் கொட்டகை ஓரத்தில், தேத்தண்ணிக் கேத்தலில் இருந்து ஒரு ஆள் கசிப்புச் சாராயம் ஊற்றிக் குடிக்கிறான். பிறகு தப்பு மேளச் சத்தத்துக்கு இடுப்பை ஆட்டுகிறான். வேட்டி என்னுடையது. இடுப்பும் என்னுடையதுதான்.

மனைவியின் அண்ணன், மச்சான் நாகலிங்கம், வீடியோ பார்க்க யட்டியாந்தோட்டையில் இருந்து வருகிறார். இனிக் குடிக்க மாட்டேன் என்று நான் கோயிலில் சத்தியம் செய்த பிறகுதான் அவருடைய மோட்டார் சைக்கிளை எனக்குக் கொடுத்தார். சத்தியம் உடைந்தது தெரிந்தால் சைக்கிள் போய்விடும். தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு டுபுடுபுவென்று போய் இறங்குகிற ஒரே சின்னக் கிளாக்கர் நான். மறுபடியும் மலையேறி நடக்க என்னால் முடியாது.

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே டிரைவைக் கழற்றினேன். தோட்டத்தில் மாதாமாதம் தருகிற தேயிலைத் தூள் பொட்டலத்துக்குள் புதைத்து, வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்தேன். பழைய தூளே பாதி டின் கிடந்தது. புதியதை யார் பிரிக்கப் போகிறார்கள்?

மச்சான் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"காட்டுதில்ல மச்சான்."

"என்ன மாப்புள காட்டுதில்ல?"

"ரெண்டாவது டிரைவ். பயோஸ்லயே இல்ல."

என் மனைவி சுமித்ரா பிளேன்டீயோடு வந்தாள்.

"ஆஃப் பண்ணிப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"கழட்டி மாட்டிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் கண்டபடி கழட்டக் கூடாது புள்ள. ஷாக் அடிக்கும்."

"யாருக்கு?"

நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்கத் தொடங்கினேன்.

"சாலிக்குப் போன் பண்ணுனேன்," என்றாள். "டிரைவ் மட்டும் இருந்தாப் போதுமாம். அவரு கடையிலயே போட்டுக் காட்டுவாராம்."

"டிரைவே செத்துப் போச்சு. விடு."

மச்சான் முகம் வாடி எழுந்தார். பாவமாகத்தான் இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் சுமித்ரா உள்ளே போய், ஸ்டேப்ளர் அடித்த பொட்டலத்தை எடுத்து வந்தாள். வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் தூள் பொட்டலம் கொடுப்பது எங்கள் தோட்டத்துப் பழக்கம். பாழாய்ப் போன பழக்கம். எனக்கு மறந்தே போயிருந்தது.

"அது பூஞ்சணம் புடிச்ச தூள், குடுக்காத," என்று பாய்ந்தேன்.

"நல்ல தூள்தாங்க. நேத்து பிரிச்சுப் பாத்துட்டுத்தான் திரும்ப ஸ்டேப்ளர் அடிச்சேன்." பொட்டலத்தை அண்ணன் கையில் வைத்தாள். "அண்ணே, தூளுக்குள்ள இருக்கிறத போற வழியில சாலி கடையில குடுங்க. படத்துல சமையல் கொட்டகைப் பக்கமும் நல்லாப் பாருங்க."

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"அண்ணே எதுக்கு பஸ்ல போகணும்? சைக்கிள் சாவியக் குடுங்க."