பொய் சொல்லும் வாட்ச்

"அப்பா, நேத்து மத்தியானம் ஏரி நடுவுல தூங்கியிருக்கியே" என்றாள் மெர்வி, போனில்.

வில்ஹோ காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "நான் மீன் பிடிச்சிட்டிருந்தேன்."

"வாட்ச் தூங்கினேன்னு சொல்லுது. ராத்திரி மட்டும் தூங்கவே இல்லையாம்."

"அப்ப வாட்ச் பொய் சொல்லுது."

பிறந்த நாளுக்கு மகள் கட்டிவிட்ட வாட்ச் அது. கட்டியிருப்பது வில்ஹோவின் கையில்; தூக்கம், நெஞ்சுத் துடிப்புக் கணக்கெல்லாம் போய்ச் சேருவது தாம்பெரே நகரத்தில் இருக்கும் மெர்வியின் போனில். கட்டும்போதே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள். மனைவி ஹில்க்கா இறந்த பிறகு ஏரிக்கரை வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். தூக்கம் ஒழுங்காக இருந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மகளோடு கிளம்ப வேண்டும். தூங்குவதெல்லாம் ஒரு வேலையா என்று வில்ஹோவும் தலையாட்டிவிட்டார்.

மெர்வியின் வீடு நாலாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். அதில் துளை போட்டு யாரும் மீன் பிடிக்க முடியாது.

இங்கேயோ ஏரி உறைந்த நாளிலிருந்து வில்ஹோவுக்கு ஒரே வேலைதான். பனிக்கட்டியில் துளை போட வேண்டும். மரப்பெட்டியின் மேல் உட்கார வேண்டும். குட்டித் தூண்டிலை உள்ளே விட்டுவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. பக்கத்துத் துளையில் நண்பர் ஓஸ்மோ உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே அவர் இடம் அதுதான்.

அப்போதெல்லாம் வில்ஹோ காகித ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக ஏரிக்கு வருவார். ஹில்க்கா பிளாஸ்க்கோடு கரையில் நிற்பாள். சாயங்காலம் வாளியை வாங்கிக்கொண்டு போய், பெர்ச் மீனை ரை தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பாள். அந்த வாசனை கரை வரைக்கும் வந்து ஆளை இழுக்கும். இப்போது அதே சட்டியில் வில்ஹோ பொரிக்கிறார், புகைதான் வருகிறது. ராத்திரி படுத்தால் பக்கத்தில் அவளுடைய போர்வை மடித்தபடியே கிடக்கிறது. அதை எடுத்து வைக்க மனசு வரவில்லை. இதையெல்லாம் மகளிடம் அவர் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மாறவில்லை. வில்ஹோவின் வாளி அன்றும் நிறையும், இன்றும் நிறைகிறது. ஓஸ்மோவின் வாளி என்றைக்கும் பாதிதான்.

"இத்தனை வருஷம் உக்காந்தும் உனக்குக் கை வரலையேப்பா" என்று கரையேறும்போது வில்ஹோ சீண்டுவார். ஓஸ்மோ தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

"வாட்ச் தொளதொளன்னு இருக்கும். இறுக்கிக் கட்டு" என்றாள் மெர்வி, மறுபடி போனில்.

இறுக்கிக் கட்டினார். மறுநாள் போன் வந்தது. "இப்ப ஏரியில ஆழ்ந்த தூக்கம்னு காட்டுதுப்பா."

தூண்டில் பிடிக்கும் கைக்கு மாற்றினார். கை ஆடுவதைப் பார்த்தாவது அதற்குப் புத்தி வரட்டும்.

"இன்னிக்குக் கனவுகூட கண்டிருக்கே" என்றாள் மெர்வி.

கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் எல்லாவற்றையும் அழித்து, புதிதாக என்னத்தையோ ஏற்றிக் கொடுத்தார். அதிலிருந்து வாட்ச்சுக்குக் காதும் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"அப்பா, குறட்டை பதிவாகியிருக்கு."

"அது ஐஸ் விரிசல் விடுற சத்தம். நீ இந்த ஊர்லதானே வளர்ந்தே?"

"ஐஸ் மூச்சு இழுத்து இழுத்து விடுமா?"

மெர்வி அம்மாவைப் போல. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். பகல் கிடக்கட்டும், இரவுத் தூக்கத்தையாவது காட்டிவிடலாம் என்று வில்ஹோ யோசித்தார். அடுப்படியில் நாய் ஹல்லி கால்களை நீட்டிக் கிடந்தது. இந்த வீட்டில் ராத்திரி நிம்மதியாகத் தூங்கும் ஒரே ஜீவன். படுக்கப் போகும் முன் வாட்ச்சைக் கழற்றி அதன் முன்னங்காலில் கட்டிவிட்டார்.

காலையில் போன் அலறியது.

"அப்பா, விடியறதுக்குள்ள வேலியைச் சுத்தி ஓடினியா? நெஞ்சு அந்த அடி அடிச்சிருக்கு."

வில்ஹோ ஜன்னல் வழியே பார்த்தார். பனியில் ஹல்லியின் காலடித் தடங்கள் வளைந்து வளைந்து போயிருந்தன. "ஒரு முயல் வந்துச்சு" என்றார், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"நீ முயலைத் துரத்தினியா?"

ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. வில்ஹோ ஹல்லியை முறைத்தார்.

"சனிக்கிழமை வரேன். துணிமணியை எடுத்து வை" என்று மெர்வி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவள் காரை நிறுத்தும்போதே வில்ஹோ வாளியும் தூண்டிலுமாக வாசலில் நின்றார். "முதல்ல ஏரிக்கு வா. கண்ணால பாரு. அப்புறம் உன் வாட்ச்சை நம்பு."

வந்தாள். ஓஸ்மோவுக்குத் தலையசைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்திலேயே நகரத்துப் பூட்ஸுக்குள் கால் விறைத்துவிட்டது. காப்பி போட்டு எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குப் போனாள். அடுப்பு மூட்டி, அம்மாவின் பிளாஸ்க்கைத் தேடி எடுத்து, அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் திரும்பினாள்.

அவள் காலடிச் சத்தம் கேட்டு வில்ஹோ நிமிர்ந்தார். வாளியைத் தூக்கிக் காட்டினார். விளிம்பு வரைக்கும் பெர்ச் துள்ளியது.

"பாத்தியா? தூங்குறவன் இவ்வளவு பிடிப்பானா? பழகின கை. நான் நினைக்கிறதுக்கு முன்னாடி அதுவா இழுத்துடும்."

மெர்வி போனைப் பார்த்தாள். "நான் வீட்டுக்குப் போனதுலேருந்து நீ தூங்கிட்டிருந்தேன்னு காட்டுது."

"அப்ப அதைத் தூக்கி இந்தத் துளையில போடு."

"அப்பா, ஒண்ணு வாட்ச்சுக்குக் கோளாறு, இல்ல உனக்கு உடம்பு சரியில்ல. நீ ஒழுங்கா தூங்கறேன்னு எனக்குத் தெரியாம உன்னை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்."  அம்மா ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, அவளும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

வில்ஹோ ஏரியைப் பார்த்தார், கரையில் ஹில்க்கா நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். கடைசியில், "நீயாவது சொல்லேன்ப்பா" என்று பக்கத்துத் துளைப் பக்கம் திரும்பினார்.

ஓஸ்மோ தூண்டிலைக் கீழே வைத்தார். பனியின் மேல் உட்கார்ந்து அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"வாட்ச் சரியாத்தான் சொல்லுதும்மா. இவனுக்கு இங்கதான் தூக்கம் வருது, எழுப்பிடாதேன்னு மில்லுக்குப் போற காலத்துலயே உங்கம்மா சொல்லிட்டா. அன்னியிலேருந்து ரெண்டு துளையிலயும் நான்தான் மீன் பிடிக்கிறேன்."